நேரு விளையாட்டரங்கம்: கோலுக்கும் பார்வையாளனுக்கும் நடுவே 36 மீட்டர்

கோவையிலிருந்து பணி மாறுதலில் சென்னைக்கு வந்திருக்கும் நண்பர் ஒருவர், தம் எட்டு வயது மகளைக் கால்பந்து ஆட்டத்துக்கு அழைத்துச் செல்லலாமா, செல்வதானால் எந்தப் பக்கத்து கேலரியில் சீட்டு எடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியதிலிருந்து பெரியமேடு நேரு விளையாட்டரங்கத்துக்குப் போய்வந்துகொண்டிருப்பவன் என்பதால் என்னிடம் கேட்டார். இரண்டு வரியில் முடித்துவிடலாம் என்றுதான் பதில் எழுதத் தொடங்கினேன். நெடுநாளாக அடக்கி வைத்திருந்த கோபம் ஒன்று நடுவில் புகுந்துகொண்டதால் அது இவ்வளவு நீண்டுவிட்டது.

அரங்கத்தைப் பற்றிய அடிப்படைத் தகவல்களை இங்கே மறுபடி அடுக்கப் போவதில்லை. சென்னையின் எஃப்சி அணியின் களம், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பொறுப்பில் இருப்பது, ஏறத்தாழ 40,000 பேர் அமரலாம் என்பதெல்லாம் ஊரறிந்த செய்தி. கழிப்பறை, குடிநீர், வாயில் நெரிசல் ஆகியவற்றையும் தொடவில்லை. அவை ஆட்டத்துக்கு ஆட்டம் மாறுபவை. ஒருநாள் மோசமாக இருந்தால் மறுநாள் சரியாகிவிடவும் கூடும். நான் சொல்ல வந்த குறை அப்படி மாறக்கூடியதன்று, கட்டடத்தோடு பிறந்தது. புல்தரைக்கும் கேலரிக்கும் நடுவே சுற்றிவரும் தடகள ஓடுபாதையைச் சொல்கிறேன்.

முதன்முறை வருபவர்கள் இந்தத் தூரத்தைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். எட்டுத் தடங்கள் கொண்ட பாதைதானே, ஒரு தடத்தின் அகலம் 1.22 மீட்டர்தானே, மொத்தம் பத்து மீட்டர்கூட வராதே என்று அவர்கள் நினைப்பது பக்கவாட்டில் அமர்பவர்களைப் பொறுத்தவரை ஓரளவு சரி. சர்வதேச அளவுகளின்படி அமைந்த 400 மீட்டர் பாதையில் இரண்டு நேர்ப்பகுதிகளுக்கும் இடைப்பட்ட அகலம் 73 மீட்டர். கால்பந்துக் களத்தின் அகலம் 68 மீட்டர். ஆகவே பக்கத்துக்கு இரண்டரை மீட்டர்தான் மிஞ்சும். அதனுடன் பாதையின் அகலத்தைச் சேர்த்தால் பக்கவாட்டுக் கோட்டிலிருந்து பாதையின் வெளிவிளிம்பு வரை 12 மீட்டர் சொச்சம். வம்பெல்லாம் கோலுக்குப் பின்னால்தான். அங்கே பாதை 36.5 மீட்டர் ஆரத்தில் அரைவட்டமாக வளைகிறது. நேர்ப்பகுதியின் 84.39 மீட்டரோடு இரு பக்கத்து வளைவுகளையும் கூட்டினால் உள்வெளியின் நீளம் 157 மீட்டரைத் தாண்டுகிறது. அதன் நடுவில் 105 மீட்டர் நீளமுள்ள களத்தை வைத்தால், ஒவ்வொரு கோல்கோட்டுக்குப் பின்னாலும் 26 மீட்டர் வெற்றிடம், அதற்கப்பால் பத்து மீட்டர் பாதை, ஆக 36 மீட்டர். கேலரியின் முதல் வரிசை அதற்கும் பின்னால் இருந்தே தொடங்க முடியும். கால்பந்துக்கென்றே கட்டப்பட்ட அரங்குகளில் இதே இடைவெளி பத்து மீட்டருக்கு உள்ளாகவே அமைந்துவிடுகிறது.

இனி, கோலுக்குப் பின்னால் இருபதாவது வரிசையை ஒட்டி அமர்ந்திருக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். எதிர்ப்பக்கத்து கார்னர் கொடி அவரிடமிருந்து 160 மீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அரங்க வடிவமைப்பில் 190 மீட்டரை உச்ச வரம்பாகக் கொள்வது வழக்கம் என்பதால், விதிப்படி இதில் பிழையில்லை என்பதையும் நான் ஒப்புக்கொண்டாக வேண்டும். ஆனால் விதி ஒன்று, கண் வேறொன்று. 22 செ.மீ. விட்டமுள்ள பந்து 160 மீட்டர் தொலைவில், பன்னிரண்டு அடிக்கு அப்பால் மேசைமேல் வைத்த ஒற்றை மிளகின் அளவுக்குத்தான் தெரியும். அந்த மிளகைத்தான் இருபத்திரண்டு பேர் துரத்துகிறார்கள். அது கோட்டைத் தாண்டியதா, கம்பத்தின் உட்புறம் பட்டதா வெளிப்புறம் பட்டதா என்று பக்கத்து இருக்கைக்காரர் என்னிடம் கேட்கிறார்.

ஒலியின் கணக்கு இன்னும் வேடிக்கையானது. காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். எதிர்ப்பக்கத்து கோல்கீப்பர் பந்தை ஓங்கி உதைப்பதைக் கண்டு ஏறக்குறைய அரை நொடி கழித்தே அந்த உதையின் ஓசை நம் காதுக்கு வருகிறது. ஒரு கோலின் பின்னாலிருப்பவர்கள் கைதட்டித் தாளம் தொடங்க, மறு கோலின் பின்னாலிருப்பவர்கள் அதைக் கேட்டுச் சேர்ந்து தட்ட, அந்தத் தட்டல் தொடங்கியவர்களின் காதுக்குத் திரும்பி வருவதற்குள் ஒரு நொடிக்கு மேல் கடந்துவிடுகிறது. இரண்டாவது சுற்றிலேயே தாளம் குழம்பிவிடும். ‘பி ஸ்டாண்டு புளூஸ்’, ‘சூப்பர் மச்சான்ஸ்’ முதலிய ரசிகர் குழுக்கள் மேளமும் பாட்டுமாக இந்தப் பௌதிகத்தோடு ஆண்டுக்கணக்கில் போராடி வருகிறார்கள். அவர்கள்மேல் எனக்குப் பெரும் மரியாதை உண்டு. எதிரணி வீரர் கார்னர் அடிக்கப் பந்தை வைக்கும்போது, முதுகுக்குப் பின்னால் கூட்டம் எழுப்பும் இரைச்சல் அவருடைய கையை ஒரு கணமாவது நடுங்கச் செய்ய வேண்டும். இங்கே அவர் ஆற அமரப் பந்தை வைத்து, காலுறையைச் சரிசெய்துகொண்டு, நிதானமாக அடிக்கிறார். சொந்த மண் தரக்கூடிய பலத்தின் ஒரு பங்கு அந்த 36 மீட்டரில் கரைந்துபோகிறது.

ஆகவே நண்பருக்கு முதல் அறிவுரை: கோலுக்குப் பின்னால் சீட்டு எடுக்காதீர்கள். நடுக்கோட்டுக்கு நேராக, பக்கவாட்டு கேலரியில், முடிந்தவரை மேல் வரிசைகளில் எடுங்கள். முன்வரிசை கிடைத்தால் கிட்டத்தில் பார்க்கலாமே என்று தோன்றும். பாதைக்கு அப்பாலிருக்கும் சமதரையைத் தாழ்ந்த இடத்திலிருந்து பார்க்கும்போது ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் மறைத்துக்கொள்வார்கள். இடையில் விளம்பரப் பலகை, மாற்று வீரர்கள், கேமராக்காரர்கள் வேறு. மேலே ஏறினால் கதை மாறிவிடுகிறது. நான் எதிர்பாராமல் பெற்ற மகிழ்ச்சி இங்கேதான் கிடைத்தது. மேல் வரிசையிலிருந்து பார்க்கும்போது ஆட்டத்தின் அமைப்பே ஒரு வரைபடமாக விரிகிறது. தற்காப்பு வரிசை நால்வரும் ஒரே கயிற்றில் கட்டியவர்களைப் போல ஏறுவதும் இறங்குவதும், பந்து இடப்பக்கம் இருக்கும்போதே வலப்பக்க விங்கர் யாரும் கவனியாத வெளியில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பதும், நடுக்கள வீரர் பந்தைப் பெறுவதற்கு முன்பே தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதும் தொலைக்காட்சியில் ஒருபோதும் காணக் கிடைக்காதவை. பந்தைத் துரத்துவதே தொலைக்காட்சிக் கேமராவின் வேலை. பந்தில்லாத இடத்தில் நடப்பதை இந்த அரங்கத்தின் மேல் வரிசைகள்தாம் எனக்குக் கற்பித்தன. ஆஃப்சைடை ஒரு குழந்தைக்கு விளக்க வேண்டுமானால் இதைவிட நல்ல வகுப்பறை சென்னையில் கிடையாது. இவ்வளவையும் மனதாரச் சொல்லிவிட்டு, கோபத்தை மறுபடி கையில் எடுக்கிறேன்.

இந்தப் பாதை யார் செய்த வேலை என்று தேடிப் போனால், குற்றவாளிக்குப் பதிலாக ஒரு நீண்ட வரலாறுதான் அகப்படுகிறது. அரங்கம் நிற்கும் நிலம், 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆளுநர் சார்லஸ் ட்ரெவெலியன் காலத்தில் உருவான மக்கள் பூங்காவின் பகுதி. பார்க் டவுன் என்ற பெயர் அந்தப் பூங்காவால் வந்தது. சென்னைவாசிகள் உயிர் காலேஜ் என்றழைத்த மிருகக்காட்சிசாலை 1985-இல் வண்டலூருக்குப் போகும்வரை அங்கேதான் இருந்தது. அதே ஆண்டில்தான் அருகிலிருந்த மூர் மார்க்கெட் தீக்கிரையாயிற்று. இவற்றுக்கெல்லாம் நடுவில், மாநகராட்சிக்குரிய கார்ப்பரேஷன் ஸ்டேடியமாகத்தான் நம் அரங்கம் வாழ்க்கையைத் தொடங்கியது. அப்போது அதன் புகழுக்குக் காரணம் கால்பந்தன்று, கிரிக்கெட்.

1956 முதல் 1965 வரை சென்னையில் நடந்த டெஸ்ட் ஆட்டங்கள் ஒன்பதும் சேப்பாக்கத்தில் நடக்கவில்லை, இங்கேதான் நடந்தன. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் சேர்த்தது இந்த மண்ணில். அந்த உலகச் சாதனை 2008 வரை நிலைத்தது. 1962 ஜனவரியில் இங்கிலாந்தை 128 ஓட்டங்களில் வீழ்த்தி, அந்நாட்டுக்கு எதிரான முதல் தொடர் வெற்றியை இந்தியா உறுதிசெய்ததும் இங்கேதான்; சலீம் துரானி அந்த ஆட்டத்தில் பத்து விக்கெட்டுகள் எடுத்தார். 1967-இல் டெஸ்ட் கிரிக்கெட் சேப்பாக்கத்துக்குத் திரும்பியது. இன்று நேரு அரங்கத்துக்குள் நுழையும் இளைஞர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ, எனக்கு ஐயமாகத்தான் இருக்கிறது.

என் தாய்மாமா அந்தக் காலத்து மாணவர். இன்றைக்கும் அவர் வாயில் நேரு ஸ்டேடியம் என்ற பெயர் வராது, கார்ப்பரேஷன் ஸ்டேடியம்தான். 1964 ஜனவரியில் இங்கிலாந்துக்கு எதிராக பாபு நட்கர்னி தொடர்ச்சியாக 21 மெய்டன் (ஓர் ஓட்டமும் கொடுக்காத) ஓவர்கள் வீசிய நாளில் அவர் கேலரியில் இருந்தாராம். 32 ஓவர், 27 மெய்டன், 5 ஓட்டம், விக்கெட் இல்லை என்ற அந்தப் பந்துவீச்சுக் கணக்கை இன்றும் ஒரு மந்திரத்தைப் போல ஒப்பிப்பார். தூரம் பற்றி நான் புலம்பும்போதெல்லாம் அவரிடமிருந்து வரும் பதில் ஒன்றுதான்: “டேய், ஒரு ரன் இல்ல, ஒரு விக்கெட் இல்ல, எல்லாம் எழுபது கெஜத்துக்கு அப்பால. நாங்க நாள் முழுக்க உக்காந்து பாத்தோம். யாராவது குறை சொன்னோமா?”

மாமாவுக்கு நான் சொல்லும் மறுமொழியைப் பணிவோடு இங்கேயும் பதிவு செய்கிறேன். கிரிக்கெட்டில் எல்லாம் நடுவிலிருந்து கிளம்புகிறது. வட்டத்தின் எந்தப் பகுதியில் அமர்ந்தாலும் ஆடுகளம் ஏறக்குறைய ஒரே தொலைவில்தான் இருக்கும். கால்பந்தில் முடிவைத் தீர்மானிப்பவை களத்தின் இரு கடைசிகள். பார்வையாளர் எந்தக் கடைசிக்கு அருகில் அமர்கிறாரோ அதையாவது அவர் முழுமையாகப் பார்க்க வேண்டும் என்பதுதான் ஒப்பந்தம். மறுபாதியில் அணிகள் பக்கம் மாறுவதால் இரு பக்கத்தாருக்கும் நீதி கிடைத்துவிடுகிறது. ஓடுபாதை இந்த ஒப்பந்தத்தை உடைத்துவிடுகிறது. அதனால் அருகிலிருப்பது தூரமாகிறது, தூரத்திலிருப்பது மிளகாகிறது. மாமா இதைக் கேட்டுச் சிரிப்பார். மறுபடி நட்கர்னியிடம் போய்விடுவார்.

பழைய மைதானத்தின் இடத்தில் இன்றைய அரங்கம் எழுந்தது 1993-இல். அவ்வாண்டின் நேரு கோப்பைக் கால்பந்துப் போட்டி இங்கே நடந்தது. வடகொரியா கோப்பையை எடுத்துச் சென்றது. 1995 டிசம்பரில் தென்னாசிய விளையாட்டுப் போட்டிகள் சென்னைக்கு வந்தன. கால்பந்தில் இந்தியா வங்கதேசத்தை வென்று தங்கம் பெற்றது. 1982 ஆசிய விளையாட்டுக்காகத் தில்லியில் எழுந்த நேரு அரங்கம், 1984-இல் திறக்கப்பட்ட கொல்கத்தாவின் சால்ட் லேக் அரங்கம் எல்லாம் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவை. பொதுப்பணத்தில் ஒரு பெரிய அரங்கம் கட்டினால் அது கால்பந்துக்கும் தடகளத்துக்கும், தொடக்க விழாக்களுக்கும் அணிவகுப்புகளுக்கும் ஒருசேரப் பயன்பட வேண்டும் என்பது அன்றைய சிந்தனை. ஏழை நாடு ஒன்று அப்படி நினைத்ததைப் பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பணக்கார நாடுகளும் இதைத்தான் செய்தன. 1990 உலகக் கோப்பைக்காக இத்தாலியின் துரின் நகரில் கட்டிய அரங்கில் ஓடுபாதைக்கு அப்பாலிருந்து பார்த்துச் சலித்துப்போனார்கள். கடைசியில் யுவெண்டஸ் அணி அதை இடித்துவிட்டு, பாதையே இல்லாத புதிய அரங்கை 2011-இல் திறந்தது. இருபது ஆண்டுகளில் கட்டியதை இடிக்க அவர்களுக்கு வசதி இருந்தது. நமக்கு அது கிடையாது, இருக்கவும் வேண்டியதில்லை.

இதை எழுதும்போதே நியாயம் குறுக்கே வந்து நிற்கிறது. நான் திட்டித் தீர்க்கும் இந்தப் பாதை கால்பந்து ஆட்டங்களுக்கு இடையில் சும்மா கிடப்பதில்லை. 2022 ஜூனில் மாநிலங்களுக்கிடையிலான தேசியத் தடகளப் போட்டியும், 2024 செப்டம்பரில் தென்னாசிய இளையோர் தடகளப் போட்டியும் இதன்மீதுதான் நடந்தன. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டிகளின் தொடக்க விழாவும் இந்த அரங்கில்தான் நடந்தது. கால்பந்து அணியோ ஒரு பருவத்தில் சில பல மாலைகள் மட்டுமே இந்த அரங்கத்தைப் பயன்படுத்துகிறது. மீதி நாட்களில், விடிவதற்கு முன்பே காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சேரும் பள்ளிப் பிள்ளைகளின் இடம் அது. பெரும்பாலும் எளிய குடும்பத்துப் பிள்ளைகள். மாநகரின் நடுவில் இப்படியொரு செயற்கை இழைப் பாதை அவர்களுக்குக் கிடைத்திருப்பது சிறிய காரியமன்று. மாதத்தில் இருமுறை வந்து பாப்கார்ன் தின்பவனின் கண்வசதிக்காக அவர்களை வெளியேற்று என்று கேட்க நான் யார் என்று, நல்ல மனநிலையில் இருக்கும் நாட்களில் எண்ணிக்கொள்வேன். தோற்ற ஆட்டத்துக்கு மறுநாள் அந்த எண்ணம் வருவதில்லை.

சென்னையின் எஃப்சி காலத்துக்கு வருகிறேன். இந்தியன் சூப்பர் லீக்கின் முதல் பருவத்தில் எட்டு அணிகள். அவற்றில் நான்கு அணிகளின் களங்களுக்கு நேருவின் பெயர்: சென்னை, தில்லி, கொச்சி, கோவாவின் ஃபடோர்டா. இதில் குழப்பம் வராதிருக்கவோ என்னவோ, நம் அரங்கத்துக்கு மெரினா அரினா என்றொரு வணிகப் பெயரும் சூட்டினார்கள். கடற்கரை அங்கிருந்து நல்ல தொலைவு. 2006 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஜிடானின் தலைமுட்டலை நெஞ்சில் வாங்கிய மார்கோ மட்டெராஸி நமக்குப் பயிற்சியாளராகவும் ஆட்டக்காரராகவும் வந்தார். பிரேசிலின் எலானோ அந்தப் பருவத்தில் எட்டு கோல்கள் அடித்துப் பட்டியலில் முதலிடம் பெற்றார்; மறுபருவத்தில் கொலம்பியாவின் ஸ்டீவன் மெண்டோசா 13 அடித்தார். மெண்டோசா பந்தோடு ஓடத் தொடங்கும்போது மேல் வரிசையிலிருந்து பார்த்தால், அவர் எங்கே போய்ச் சேரப்போகிறார் என்பது எதிரணித் தற்காப்பு வீரர்களுக்குத் தெரிவதற்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடும். தூரத்துக்கு நான் நன்றி சொன்ன மாலைகள் அவை.

ஆனால் இந்த அரங்கத்துக்கு ஒரு ராசி உண்டு. பெரிய ஆட்டம் நெருங்கும்போது களம் வேறு ஊருக்குப் போய்விடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்கியதால், அரையிறுதியின் சொந்தக்கள ஆட்டம் புனேக்கு மாற்றப்பட்டது. அங்கே கொல்கத்தாவை 3-0 என்று வென்று, பின்னர் கோவாவில் கோப்பையையும் வென்றார்கள். வீட்டில் முழங்கால் தண்ணீர் வடிந்த சேற்றை அள்ளிக்கொண்டே அந்தச் செய்தியைக் கேட்டவர்களில் நானும் ஒருவன். 2019-இல் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்புக் கோப்பையில் முதன்முறையாக ஆடியபோது, அணியின் சொந்தக்கள ஆட்டங்கள் அகமதாபாத்தில் நடந்தன. 2020 பிப்ரவரி இறுதியில் இந்தியன் சூப்பர் லீக் அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் கோவாவை இங்கே 4-1 என்று வென்று மகிழ்ந்திருக்கையில் பெருந்தொற்று வந்தது. இறுதியாட்டம் ஆளில்லாத அரங்கில் நடந்தது. அடுத்த இரண்டு பருவங்கள் முழுவதும் கோவாவிலேயே கழிந்தன. 2017-இல் நாட்டின் மற்றொரு கால்பந்து லீக்கான ஐ-லீக்கில் அறிமுகமான சென்னை சிட்டி எஃப்சியும் முதலில் இங்கே ஆடிவிட்டுக் கோவைக்குப் போய், 2018-19 பருவத்தில் அங்கே இருந்தபடிதான் பட்டம் வென்றது. நண்பரின் ஊர் மைதானத்துக்கும் நேரு பெயர்தான், அங்கும் ஓடுபாதை உண்டு என்பதால் என் வலி அவருக்கு ஓரளவு பழகியிருக்கக்கூடும்.

இந்த ராசியை மீறி நடந்த ஒரு மாலை 2018 மார்ச் 13. கோவாவுக்கு எதிரான அரையிறுதி. முதல் ஆட்டம் 1-1 என்று முடிந்திருந்தது. அன்று எனக்குக் கோலுக்குப் பின்னால்தான் சீட்டு கிடைத்தது. முதல் பாதியில் விழுந்த இரண்டு கோல்களும் எதிர்க்கடைசியில் விழுந்தன. 26-ஆவது நிமிடத்தில் எங்கள் முன்கள வீரர் ஜெஜெ அடித்ததை எப்படியோ புரிந்துகொண்டேன். மூன்று நிமிடம் கழித்து மறுபடி ஒரு கூச்சல். வலை அசைந்தது, நீலச் சட்டைகள் ஓடிக் குவிந்தன, யார் அடித்தது என்று எங்கள் வரிசையில் ஒருவருக்கும் தெரியவில்லை. வரிசைக்கு வரிசை செய்தி தாவி வந்தது: தனபால் கணேஷ். வியாசர்பாடிப் பிள்ளை. இந்த அரங்கத்திலிருந்து பேருந்தில் ஏறினால் சிறிது நேரத்தில் எட்டிவிடக்கூடிய ஒரு பகுதி. குழந்தைகள் காலில் பந்தோடு பிறப்பதாக வடசென்னையில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பகுதி. அங்கிருந்து வந்த ஒருவர் சென்னையின் பெரிய அரங்கில், ஓர் அரையிறுதியில், சென்னைக்காக கோல் அடிக்கிறார். அவருடைய ஊர்க்காரர்களான நாங்கள் அது அவர்தான் என்பதைக் கண்ணால் அறிய முடியாத தொலைவில் உட்கார்ந்திருக்கிறோம். மகிழ்ச்சியில் குதித்துக்கொண்டிருந்தபோதே எனக்குள் ஆத்திரம் மூண்டது. ஆட்டம் முடியும் தறுவாயில் ஜெஜெ அடித்த மூன்றாவது கோல் எங்கள் பக்கத்து வலையில் விழுந்தது. அதை முழுமையாகப் பார்த்தேன் என்றாலும், மனம் இரண்டாவது கோலிலேயே நின்றுவிட்டது. நான்கு நாள் கழித்து பெங்களூரில் 3-2 என்று வென்று அணி இரண்டாம் முறை பட்டம் பெற்றது. அந்த அரையிறுதிக்கு ஈடான ஒரு மாலையை இந்த அரங்கில் நான் வேறு கண்டதில்லை.

கொச்சியிலும் ஃபடோர்டாவிலும் ஓடுபாதை கிடையாது. அங்கே ஆட்டம் பார்த்துவிட்டு வருபவர்கள் பேசும் பேச்சில் நமக்குப் பொறாமை வரும். ஆனால் பெங்களூரின் கண்டீரவா அரங்கிலும் பாதை உண்டு. அதையும் மீறி அந்த ஊர் ரசிகர்கள் எதிரணியைக் கலங்கடிக்கும் ஓசையை எழுப்புகிறார்கள் என்பதைக் குறிப்பிடாமல் விட்டால் நான் நேர்மையற்றவனாவேன். எங்கள் கேலரிகளில் பாதி காலியாக இருக்கும் மாலைகளில், மௌனத்துக்கான பழியை முழுவதும் 36 மீட்டரின் தலையில் கட்டுவது சரியில்லை.

இடத்தைப் பொறுத்தவரை எனக்கு ஒரு குறையும் இல்லை. சென்ட்ரல் ரயில் நிலையம், பூங்கா புறநகர் நிலையம், பறக்கும் ரயிலின் பார்க் டவுன் நிலையம், இரு வழித்தடங்களும் சந்திக்கும் சென்ட்ரல் மெட்ரோ ஆகிய அனைத்திலிருந்தும் நடந்தே வந்துவிடலாம். ரிப்பன் மாளிகையைக் கடந்து, மை லேடீஸ் பூங்காவை ஒட்டி, ராஜா முத்தையா சாலையில் நீலச் சட்டைகளோடு சேர்ந்து நடக்கும் அந்தக் கொஞ்ச தூரம், ஆட்டத்தின் முதல் பத்து நிமிடங்களைவிட நன்றாக இருக்கும் நாட்கள் உண்டு. பெயரை நம்பி நேரு பூங்கா மெட்ரோ நிலையத்தில் இறங்கிவிட வேண்டாம். அங்கிருந்து நடை அதிகம். இருசக்கர வண்டியில் வந்தால் தலைக்கவசத்தை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எட்டு வயதுக் குழந்தைக்கு ரயில் பயணம், கூட்ட நடை, கொடி, மேளம் எல்லாம் சேர்ந்து ஒரு திருவிழா. தாராளமாக அழைத்துப் போகலாம். வியாசர்பாடியும் புளியந்தோப்பும் பெரம்பூரும் ராயபுரமும் எளிதில் வந்து சேரக்கூடிய இந்த இடத்தை விட்டுவிட்டு, ஓடுபாதையில்லாத புதிய அரங்கம் ஒன்றைப் புறநகரில் எங்கேயோ கட்டித் தருவதாக யாராவது சொன்னால், நான் 36 மீட்டரோடே வாழ்ந்துவிடுகிறேன் என்றுதான் சொல்வேன். உண்மையில் கால்பந்தை வளர்த்த தெருக்களுக்கு எட்டாத அரங்கம் எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் அதனால் என்ன பயன்?

எல்லாவற்றையும் தராசில் வைத்தால் இடத்துக்கும் வரலாற்றுக்கும் பக்கவாட்டு மேல் வரிசையின் பார்வைக்கும் சேர்த்து ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுப்பதே முறை. நான் கொடுப்பது இரண்டு. கடைசியாகப் பார்த்த ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் எதிர்க்கடைசியில் ஒரு கோல் விழுந்தது. அது எந்த அணியின் கோல் என்பதை ஸ்கோர்போர்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.